புதுத் தாய்மார்களுக்கு பேபி கேரியர்: தேர்ந்தெடுப்பது முதல் கட்டிப் பழகுவது வரை

குழந்தையை உடம்போடு கட்டிச் சுமக்க உதவும் கேரியர் வாங்கப் போனால் கண் முதலில் போவது தோள்பட்டை மெத்தைக்கும் பாக்கெட்டுகளுக்கும்தான். அவை உங்கள் வசதிக்கானவை. குழந்தைக்காகப் பார்க்க வேண்டியவை இரண்டு: மூச்சு தடையில்லாமல் போகிறதா, இடுப்பு மூட்டு சரியான நிலையில் இருக்கிறதா. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் எந்தக் கேரியரையும் நீங்களே எடை போட்டுவிடலாம்.

முதலில் மூச்சு. பிறந்த குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது. கழுத்துத் தசைக்கோ அதைத் தாங்கும் பலம் இல்லை. துணி தளர்வாக இருந்தால் குழந்தை உள்ளே சுருண்டு, தாடை மார்பில் போய் முட்டும். மெல்லிய மூச்சுக்குழாய் அந்த மடிப்பில் அடைபடும். அப்போது குழந்தை இருமுவதோ அழுவதோ இல்லை, சத்தமே வராது என்பதுதான் ஆபத்து. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் விடுத்த எச்சரிக்கையில், அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் ஸ்லிங் (தோளில் மாட்டும் துணித் தொட்டில்) வகைக் கேரியர்களோடு தொடர்புடைய 14 குழந்தை மரணங்களைக் குறிப்பிட்டது. அவற்றில் 12 குழந்தைகள் 4 மாதம்கூட நிரம்பாதவர்கள். பயந்து கேரியரையே ஒதுக்க வேண்டியதில்லை. முதல் 4 மாதம் கூடுதல் கவனம் வேண்டும் என்பதே இதன் பொருள்.

அடுத்தது இடுப்பு மூட்டு. தொடை எலும்பின் உருண்டைத் தலை உட்காரும் குழி முதல் சில மாதங்களில் இன்னும் மென்மையான குருத்தெலும்பாகவே இருக்கும். கால்கள் நேராகத் தொங்காமல், தொடைகள் விரிந்து, முழங்கால்கள் புட்டத்தைவிடச் சற்று மேலே இருந்தால் உருண்டை குழிக்குள் நன்றாக அமரும். முன்னாலிருந்து பார்த்தால் முழங்கால், புட்டம், முழங்கால் என்று ஆங்கில எழுத்து 'எம்' போலத் தெரியும். இதனால்தான் 'எம் பொசிஷன்' என்கிறார்கள்.

வாங்குவதற்கு முன்

குழந்தையின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். பல பக்கிள் கேரியர்களின் (பட்டைகளை கிளிப் போட்டு மாட்டும் வகை) குறைந்தபட்ச எடை 3.2 முதல் 3.5 கிலோ. வயதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு மாதமாகியும் எடை எட்டாத குழந்தைகள் உண்டு. குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, மூச்சுத் தொந்தரவு உள்ள குழந்தை, இடுப்பு மூட்டுக்கு சிகிச்சை பெறும் குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கட்ட வேண்டாம்.

உங்கள் உடம்பையும் கணக்கில் எடுங்கள். சிசேரியன் ஆகியிருந்தால் மருத்துவர் சரி என்ற பிறகே தொடங்குங்கள்; பெல்ட் தையல் மேல் படாமல் அதற்கு மேலே உட்கார வேண்டும். சுகப்பிரசவம் என்றாலும் சில நிமிடங்களில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். கட்டியபின் இரத்தப்போக்கு கூடினாலோ, அடிவயிற்றில் ஏதோ கீழே இறங்குவது போல் கனத்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எந்த வகை யாருக்கு?

ஸ்ட்ரெச்சி ராப்: இழுபடும் பனியன் துணி, ஏறத்தாழ 5 மீட்டர் நீளம். பிறந்த குழந்தைக்கு இதைவிட இதமானது கிடையாது. கட்டிக்கொண்டால் குழந்தையை எடுத்து எடுத்து உள்ளே வைக்கலாம். ஆனால் எடை ஏற ஏறத் துணி தொய்யும். 7, 8 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலும் பயன்படாது. முதுகில் சுமக்க இதை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. துணி இழுபடுவதால் குழந்தை பின்னால் சாய்ந்து வெளியே வந்துவிடும்.

ரிங் ஸ்லிங்: சுமார் 2 மீட்டர் துணி, ஒரு முனையில் இரண்டு வளையங்கள். சீக்கிரம் போடலாம், பையில் மடித்து வைக்கலாம். எடை முழுவதும் ஒரே தோளில் இறங்கும் என்பதால் நீண்ட நேரத்துக்கு ஏற்றதில்லை. வளையம் ஒட்டுப்போட்ட தடமில்லாமல், ஸ்லிங்குக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும்.

பக்கிள் கேரியர்: இடுப்பு பெல்ட், தோள் பட்டைகள், குழந்தையின் முதுகைத் தாங்கும் அகலத் துணி. முதல் முறை வாங்குபவருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். தவறாகக் கட்ட வாய்ப்பு குறைவு, வீட்டில் மற்றவர்களும் அளவை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். உட்காரும் துணியின் அகலத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற மாடலாகப் பாருங்கள். இல்லையென்றால் சின்னக் குழந்தைக்கு அகலம் அதிகமாகிக் கால் வலுக்கட்டாயமாக விரியும், வளர்ந்தபின் போதாமல் கால் தொங்கும்.

இழுபடாத நெய்த துணி ராப் நீண்ட காலம் உழைக்கும், பழகத்தான் நாளாகும். உலோகச் சட்டம் வைத்த முதுகுப்பை வகை, தானாக உட்காரும் குழந்தைக்கு மட்டும். கைப்பை போலக் குழந்தையைப் படுக்கவைத்துத் தொங்கவிடும் ஸ்லிங்குகளை வாங்கவே வேண்டாம். தாடை மார்பில் முட்டுவதற்கு அந்த வடிவமே இடம் கொடுக்கிறது.

வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். எடை வரம்பும், மென்மையான கேரியர்களுக்கான தரக் குறியீடும் இருக்க வேண்டும்: அமெரிக்கத் தரம் என்றால் ஏஎஸ்டிஎம் எஃப்2236, ஐரோப்பியத் தரம் என்றால் இஎன் 13209-2. பக்கிளை மாட்டி இழுத்துப் பாருங்கள். 'கிளிக்' என்று தெளிவாகக் கேட்க வேண்டும். யாரோ பயன்படுத்தியது கைக்கு வந்தால் பட்டையும் துணியும் சேரும் தையல்களை விரித்துப் பார்த்து, நூல் விட்டிருந்தால் வாங்காதீர்கள்.

பக்கிள் கேரியர் கட்டும் முறை

முதலில் பொம்மையை வைத்தோ, குழந்தை அளவுக்குச் சுருட்டிய துண்டுகளை வைத்தோ நாலைந்து தடவை பழகுங்கள். பிறகு குழந்தையோடு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். பால் குடித்து, ஏப்பம் விட்டு, டயாப்பர் மாற்றிய நேரம் சிறந்தது. பசியில் அழும் குழந்தையை வைத்துப் பழகினால் இருவருக்கும் கேரியர் வெறுத்துப்போகும். பாதம் மூடிய உடையைத் தவிருங்கள். முழங்கால் மடங்கும்போது அது விரல்களை இறுக்கும்.

1. இடுப்பு பெல்ட்டை மாட்டுங்கள். சின்னக் குழந்தைக்கு பெல்ட் தொப்புளுக்கு மேலே வர வேண்டியிருக்கும். தாழ்வாகக் கட்டினால் குழந்தையின் தலை உங்கள் மார்புக்குக் கீழே போய்விடும். பெல்ட் கீழே நழுவாத அளவுக்கு இறுக்குங்கள்.

2. குழந்தையை நிமிர்த்தி மார்போடு அணையுங்கள். வயிறு உங்கள் மேல் படட்டும், முழங்கால்கள் மேலே மடங்கியிருக்கட்டும். புட்டம் பெல்ட்டுக்குச் சற்று மேலே உட்கார வேண்டும்.

3. ஒரு கையால் முதுகைப் பிடித்தபடி, மறு கையால் துணியைக் குழந்தையின் முதுகு மேல் ஏற்றுங்கள். இந்த நிமிடத்திலிருந்து கடைசி பக்கிள் விழும்வரை ஒரு கை குழந்தையின் முதுகிலேயே இருக்கட்டும்.

4. தோள் பட்டைகளை ஒவ்வொன்றாக, கை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

5. இரு தோள் பட்டைகளையும் முதுகில் இணைக்கும் கிளிப்தான் பலருக்கும் எட்டாது. பட்டைகள் தளர்வாக இருக்கும்போதே கிளிப்பை மாட்டிவிட்டுப் பிறகு இறுக்கினால் கை எளிதில் எட்டும். அப்படியும் எட்டவில்லையென்றால், கேரியரைக் கழற்றி கிளிப்பைப் பட்டையிலேயே கொஞ்சம் மேலே நகர்த்தி வையுங்கள்.

6. இறுக்கும்போது ஒரு கையால் குழந்தையின் புட்டத்தைச் சற்றுத் தூக்கிக்கொண்டு, மறு கையால் பட்டையை இழுங்கள். தூக்காமல் இழுத்தால் குழந்தையின் எடை துணியைக் கீழே பிடித்துக்கொள்ளும். தோள் பக்கம் மட்டும் இறுகி, குழந்தையின் முதுகுப் பக்கம் தொளதொளவென்று நிற்கும். பாதிப் பேர் தவறுவது இந்த இடத்தில்தான்.

7. கைகளைத் துணிக்குள் விட்டு, இரண்டு தொடைகளையும் அடியில் பிடித்து, புட்டம் கீழே இறங்க, முழங்கால் மேலே ஏற, குழந்தையின் இடுப்பை உங்கள் பக்கம் மெதுவாகச் சாய்த்து விடுங்கள். துணி ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை தாங்க வேண்டும்.

எழுந்து நிற்கும் முன் சோதனை

குனியாமல் பார்த்தாலே குழந்தையின் முகம் முழுதும் தெரிகிறதா? தலையைச் சற்றுச் சாய்த்தால் உச்சியில் முத்தம் கொடுக்க முடிகிறதா? தாடைக்கும் மார்புக்கும் இடையில் உங்கள் 2 விரல் நுழைகிறதா? குழந்தையின் முதுகில் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்துங்கள். குழந்தை உங்களை நோக்கி நகர்ந்தால் இன்னும் தளர்வு இருக்கிறது. கன்னம் உங்கள் நெஞ்சில் பட, முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கட்டும். மூக்கு துணியிலோ உங்கள் உடம்பிலோ புதையக் கூடாது. குழந்தை தூங்கியதும் இதையெல்லாம் மறுபடி பாருங்கள். தூங்கும்போது கழுத்து தளர்ந்து தலை சரியும்.

ஸ்ட்ரெச்சி ராப் கட்டுவது

துணியின் நடுப்பகுதியை மார்புக்குக் கீழே வைத்து, இரு முனைகளையும் முதுகுக்குக் கொண்டுபோய்க் குறுக்கே மாற்றி, தோள் வழியாக முன்னால் இறக்குங்கள். இரண்டையும் முன்னாலிருக்கும் குறுக்குத் துணிக்குள் நுழைத்து, வயிற்றருகே குறுக்காக மாற்றி, இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். குழந்தை வைப்பதற்கு முன்பே உடம்போடு ஒட்டிய பனியன் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். இடம் விட்டுக் கட்டினால், எடை ஏறியதும் துணி இழுபட்டு குழந்தை தொப்புள் வரை இறங்கிவிடும்.

குழந்தையை உயரமாகத் தோளில் சாய்த்து, தோளிலிருந்து இறங்கும் இரண்டு துணிகளுக்குள்ளும் ஒவ்வொரு காலாக நுழையுங்கள். இரண்டையும் முழங்கால் முதல் முழங்கால் வரை விரித்துவிடுங்கள். கடைசியாகக் குறுக்குத் துணியைக் குழந்தையின் முதுகு மேல் பிடரி வரை ஏற்றுங்கள். மூன்று அடுக்கும் முதுகில் இருந்தால்தான் கட்டு முழுமை.

ரிங் ஸ்லிங்குக்கு ஒரு குறிப்பு போதும். துணியை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, ஒன்றின் மேலேறி மற்றதற்குள் திருப்பி எடுத்தபின், வளையத்துக்குக் கீழே தொங்கும் வால் துணியை மொத்தமாக இழுக்காதீர்கள். மேல் ஓரம், நடு, கீழ் ஓரம் என்று பிரித்துப் பிரித்து இழுங்கள். மொத்தமாக இழுத்தால் துணி வளையத்தில் கொத்தாகச் சுருண்டு, எந்தப் பக்கமும் இறுகாது.

எது சரியில்லை, ஏன்?

தோள் வலிக்கிறது என்றால் பெரும்பாலும் இடுப்பு பெல்ட் தளர்ந்து எடை முழுவதும் தோளுக்குப் போயிருக்கும். அடிமுதுகு வலித்தால் குழந்தை தாழ்ந்து தொங்குகிறது, பெல்ட்டை உயர்த்துங்கள். குழந்தை ஒரு பக்கமாகச் சரிந்தால் ஒரு பட்டை மட்டும் இறுகியிருக்கிறது. தொடையில் ஆழமான சிவப்புத் தடம் விழுந்தால், துணி முழங்கால் மடிப்புவரை தாங்காமல் தொடையின் நடுவில் வெட்டுகிறது.

உள்ளே வைத்ததுமே அழும் குழந்தைக்குக் கேரியர் பிடிக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அசையாமல் நின்றுகொண்டு பட்டைகளைச் சரிசெய்துகொண்டே இருந்தால் எந்தக் குழந்தையும் அழும். கட்டியதும் எழுந்து நடங்கள். முதல் வாரம் ஒரு வேளைக்கு 10 முதல் 15 நிமிடம் போதும்.

சூட்டைக் கவனியுங்கள். கேரியரே ஓர் அடுக்கு உடை, உங்கள் உடம்புச் சூடு வேறு. வழக்கத்தைவிட ஓர் உடை குறைவாகப் போடுங்கள். பிடரியைத் தொட்டுப் பார்த்து வியர்வையாக இருந்தால் வெளியே எடுங்கள். கை, காலைத் தொட்டுப் பார்த்துச் சூட்டைக் கணிக்க முடியாது.

குழந்தை கேரியரில் இருக்கும்போது அடுப்படி வேலை, சூடான காபி, வண்டி ஓட்டுவது எதுவும் கூடாது. காரில் கேரியர் கார் சீட்டுக்கு மாற்று கிடையாது. கீழே கிடப்பதை எடுக்க முழங்காலை மடக்கி இறங்குங்கள். இடுப்பை வளைத்துக் குனிந்தால் குழந்தை வெளியே நழுவலாம். கேரியரிலேயே பால் கொடுப்பதாக இருந்தால், பட்டையைத் தளர்த்தி இறக்கிக் கொடுத்துவிட்டு, உடனே பழைய உயரத்துக்கு ஏற்றி இறுக்குங்கள். மார்பில் வாய் வைத்தபடியே தூங்கவிடாதீர்கள்.

எப்போது நிலை மாற்றலாம்?

வெளிப்பக்கம் பார்த்து உட்காரவைப்பதற்குக் கழுத்து நன்றாக நின்றிருக்க வேண்டும், கேரியரும் அதற்கென்று வடிவமைத்ததாக இருக்க வேண்டும். அப்போதும் 20, 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கண் சொருகினால் உடனே உங்கள் பக்கம் திருப்பிவிடுங்கள். முதுகில் சுமப்பது, தானாக உட்காரத் தொடங்கிய பிறகு, அதாவது ஏறத்தாழ 6 மாதத்துக்குப் பின். முதல் சில தடவை பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

கழற்றுவதும் பராமரிப்பதும்

கட்டிலில் உட்கார்ந்து, குழந்தையை ஒரு கையால் அணைத்தபடி தோள் பட்டைகளைத் தளர்த்தி, முதுகு கிளிப்பை எடுத்து, குழந்தையை வெளியே எடுத்தபிறகு கடைசியாக இடுப்பு பெல்ட். அவசரத்தில் பெல்ட்டை முதலில் அவிழ்த்தால் அடித்தாங்கலே போய்விடும். தூங்கிய குழந்தையை மல்லாக்கப் படுக்கவையுங்கள், கெட்டியான சமதள மெத்தையில்.

துவைக்க லேபிள் சொல்வதைப் பின்பற்றுங்கள். பக்கிள்களை மாட்டிவிட்டு, வலைப்பைக்குள் போட்டுத் துவைத்தால் அவை மோதி உடையாது. எச்சில் படும் தோள் பட்டைக்கு மட்டும் தனி உறை போட்டால் முழுக் கேரியரையும் அடிக்கடி நனைக்க வேண்டியிருக்காது. ஒவ்வொரு முறை கட்டும் முன்பும் தையல்களையும் பக்கிள்களையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். பக்கிளில் விரிசல் கண்டால் ஒட்டியோ கட்டியோ சமாளிக்காமல், தயாரித்த நிறுவனத்திடம் மாற்று பக்கிள் கேளுங்கள். அது வரும்வரை கேரியரைத் தொட வேண்டாம்.