திங்கட்கிழமை பத்மநாபபுரம் திறக்காது

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல் பக்கம் ஊர் உள்ளவர்களே, பிள்ளைகளுக்குத் திருவிதாங்கூர் மன்னர்களின் பத்மநாபபுரம் அரண்மனையைக் காட்ட வேண்டும் என்ற ஆசையோடு விமானம் ஏறினால், போன மறுநாளே அங்கே போய்விடுங்கள். வீட்டு வேலை முடியட்டும் என்று ஒத்திப்போடாதீர்கள். நான் ஒத்திப்போட்டேன்.

வந்த இரண்டாம் நாள் அண்ணன் ஒரு பத்திரத்தை நீட்டினான். அப்பாவின் வீட்டில் என் பங்கை அவனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தூக்கிக் கழுவியவன் அவன். நான் மெல்போர்னில் இருந்து போனில் அழுதவள். "அண்ணன் கேட்பதைச் செய்துகொடு மக்களே" என்றார் அம்மா.

பதிவு அலுவலகத்தில் ஒரே நாளில் முடியும் என்றார்கள். என் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், வாரிசுச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து. இருவரும் ஒருவரே என்று சான்று வாங்கி வரச் சொன்னார்கள். கிராம நிர்வாக அலுவலர் விடுப்பில் இருந்தார். சான்று வந்தபோது அதில் ஓர் எழுத்துப் பிழை. திருத்தி வந்தால் சர்வர் வேலை செய்யவில்லை. பதினைந்து நாள் விடுப்பில் ஒன்பது நாள் அந்த மர பெஞ்சில் போனது. பிள்ளைகள் வீட்டில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

அதனால் சொல்கிறேன்: கிளம்பும் முன்பே எல்லாச் சான்றுகளின் நகலையும் வரவழைத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நேரில் போகாமல் முடிக்க விரும்பினால், உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்துப் போட அனுமதிக்கும் அதிகாரப் பத்திரத்துக்கு இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

கடைசி நாள் கையெழுத்துப் போட்டுவிட்டு, அரண்மனை இருக்கும் தக்கலைக்கு ஓடினோம். அரண்மனைக் கதவு பூட்டிக் கிடந்தது. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் மதியம் ஒரு மணி நேரம் மூடுவார்கள். காலையிலேயே போங்கள். கறுப்புக் கண்ணாடி போல மின்னும் தரையைக் காலால் உணர வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். பக்கத்திலேயே உள்ள அருங்காட்சியகத்தில் கற்சிலைகளும் கல்வெட்டுகளும் இருக்கின்றன. அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

அங்கிருந்து புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை அருகில்தான். 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டி லனாய், பிறகு அவருடைய படையையே பயிற்றுவித்து, 1777-இல் இறந்து அங்கே அடக்கமானார். கல்லறையில் தமிழிலும் லத்தீனிலும் எழுத்துகள் உள்ளன. அந்நிய மண்ணில் முடிந்த வாழ்க்கை அது. அந்தக் கல்லின் முன்னால் நான் நெடுநேரம் நின்றிருப்பேன், பொழுது இல்லை. குளச்சல் கடற்கரையில் அந்தப் போரின் வெற்றித் தூணைப் பிள்ளைகளுக்குக் காட்டியபோது இருட்டிவிட்டது.

அரண்மனையின் மாடிப்படிகள் செங்குத்தானவை, குறுகலானவை. பெரியவர்களை அழைத்துப் போவதானால் முட்டி தாங்கும் காலத்திலேயே அழைத்துப் போங்கள். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறியவர் அம்மா. இந்த முறை என் பிள்ளைகளோடு தானும் வர வேண்டும் என்று புதுச் சேலை எடுத்து வைத்திருந்தார். அது மடிப்புக் கலையாமல் பீரோவில் இருக்கிறது.