பினாங்கிலிருந்து கிராமப்புறத்துக்குத் தாதி வேலைக்குப் போக நினைக்கிறீர்களா? இப்படித் தொடங்குங்கள்

பினாங்கில் தாதிமைப் படிப்பை முடித்தவர்கள் பலரும் முதலில் ஜார்ஜ்டவுனில் இருக்கும் தனியார் மருத்துவமனைகளுக்குத்தான் மனு போடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் கெடாவின் பாலிங், சிக், பேராக்கின் கிரிக், பாரிட் புந்தார் பக்கம் தமிழ் பேசும் ஒரு மிஸ்ஸி எவ்வளவு தேவை என்பது அங்கே போய்ப் பார்த்தால்தான் புரியும். மலாயில் கேட்டால் "சாக்கிட்" (வலிக்கிறது) என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கும் தோட்டத்துப் பாட்டி, தமிழில் கேட்டதும் சேலையைச் சற்றே தூக்கி, கால் விரலில் சுற்றியிருக்கும் துணியைக் காட்டுவார். உள்ளே இனிப்புநீர்ப் புண் இருக்கும். அதை இன்று பார்ப்பதற்கும் அடுத்த மாதம் பார்ப்பதற்கும் நடுவில் ஒரு விரலே போய்விடலாம்.

போக மனம் இருந்தால் போங்கள். ஆனால் செய்ய வேண்டியதை வரிசை மாறாமல் செய்யுங்கள்.

முதலில் உங்கள் பதிவு

1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்படி, மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிந்தவர்தான் இங்கே தாதியாக வேலை செய்யலாம். டிப்ளோமா முடித்தவர் ஜுருராவாட் பெர்டாஃப்தார், அதாவது பதிவு பெற்ற தாதி. சான்றிதழ் படிப்பு முடித்தவர் பெனோலோங் ஜுருராவாட், அதாவது உதவித் தாதி. இருவருக்கும் வேலை எல்லை வேறு. உங்கள் பெயர் எதில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மனு போடுங்கள். சில மாதக் 'கேர்கிவர்' (பராமரிப்பாளர்) வகுப்புச் சான்றிதழை வைத்து வாரியத்தில் பதிய முடியாது; அப்படி யாராவது ஆசை காட்டிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஏபிசி எனப்படும் வருடாந்திரப் பணி அனுமதி. எந்த மாதம் எடுத்தாலும் டிசம்பர் 31தான் அதன் கடைசி நாள். வருடக் கடைசியில் இடம் மாறுவதாக இருந்தால், இருக்கும் இடத்திலேயே புதுப்பித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. சிபிடி எனப்படும் தொடர் பயிற்சிப் புள்ளிகளுக்கான சான்றுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

எங்கே மனு போடுவது?

அரசாங்க வேலை என்றால் எஸ்பிஏ எனப்படும் பொதுச் சேவை ஆணையத்தின் இணையத்தளத்தில் பதிய வேண்டும். எஸ்பிஎம் மலாய்மொழியில் கிரெடிட் இல்லாவிட்டால் அந்த வழி கடினம். இதில் ஊரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, சுகாதார அமைச்சு அனுப்பும் இடத்துக்குத்தான் போக வேண்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

கிராமத்து வேலை என்றதும் எல்லாருக்கும் கிளினிக் டேசா எனப்படும் அரசாங்கக் கிராம கிளினிக்தான் நினைவுக்கு வரும். அங்கே பெரும்பாலும் சமூகத் தாதியர் இருப்பார்கள். பிரசவப் பராமரிப்பு அவர்களுடைய பயிற்சியிலேயே உண்டு. பாதி வேலை வீடு வீடாகப் போவதுதான். பிரசவமான வீட்டுக்கு முதல் பத்து நாளில் பலமுறை போக வேண்டும். ஜன்னலைச் சாத்தி வைத்திருப்பார்கள், குழந்தையைத் துணியால் சுற்றியிருப்பார்கள். குழந்தையை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து, துணியை விலக்கி, நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் மெல்ல அழுத்தி எடுத்து, தோலில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். "பத்தியம் இருக்கிறாள், வெளியே கூட்டிப் போக வேண்டாம்" என்று சொல்லும் மாமியாரிடம் மரியாதையாகவே பேசி, தாயையும் பிள்ளையையும் கிளினிக்குக்கு வரவைப்பதும் உங்கள் வேலைதான்.

பிரசவப் பயிற்சி இல்லாத உதவித் தாதிக்கு மாவட்ட மருத்துவமனை வார்டுகளும் முதியோர் இல்லங்களும் பொருத்தமாக இருக்கும். சிறு பட்டணங்களில் டயாலிசிஸ் மையங்களும் உண்டு. புதியவர்களுக்குப் பயிற்சி தருகிறார்களா, ஒரு ஷிப்டில் எத்தனை நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்று அங்கே நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் ஊரைப் பாருங்கள்

நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான். வார நாளில் ஒரு தடவை போங்கள். முடிந்தால் இரவு ஷிப்ட் முடியும் நேரத்தில் அந்தச் சாலையில் வந்து பாருங்கள். விளக்கு இருக்கிறதா? கைப்பேசிக்கு லைன் கிடைக்கிறதா? மழை பெய்தால் தண்ணீர் ஏறுமா? இதையெல்லாம் வேலைக்கு எடுப்பவர்கள் சொல்ல மாட்டார்கள், எதிரில் இருக்கும் சாப்பாட்டுக் கடைக்காரர் சொல்வார்.

வாரக் கடைசியில் அம்மா அப்பாவைப் பார்க்க வீட்டுக்கு வர வேண்டுமென்றால் ரயில் பாதை ஓரமாகவே தேடுங்கள். பட்டர்வொர்த்திலிருந்து கொமுட்டர் தெற்கே நிபோங் திபால், பாரிட் புந்தார், பாகான் செராய்க்கும், வடக்கே சுங்கை பட்டாணி, குருண் பக்கமும் போகிறது. பாலிங்குக்கும் கிரிக்குக்கும் ரயில் இல்லை. அங்கே சொந்த வண்டி இல்லாமல் சிரமம்தான், அதனால் லைசென்ஸ் இல்லாதவர்கள் இப்போதே எடுத்துவிடுங்கள்.

ஒப்பந்தமும் பணமும்

பாண்ட் (கட்டாயமாக வேலை செய்ய வேண்டிய காலம்) எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், இரவு ஷிப்டுக்கு அலவன்ஸ் உண்டா, தங்குமிடம் சம்பளத்தில் பிடிக்கப்படுமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய் வார்த்தை போதாது. 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்தில் வார வேலை நேரம் 45 மணியாகக் குறைந்திருக்கிறது. தனியார் இடத்தில் உங்கள் ரோஸ்டர் அதற்குள் வருகிறதா என்று கூட்டிப் பாருங்கள். இப்போதிருக்கும் வேலையை விடுவதற்கு ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. இல்லையென்றால் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவைக்கு 4 வாரம், ஐந்து வருடத்துக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். புது இடத்தின் நியமனக் கடிதம் கைக்கு வருமுன் ராஜினாமா கொடுக்காதீர்கள்.

வீட்டு வாடகைக்குப் பல இடங்களில் இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று சேர்த்துக் கேட்பார்கள். 500 ரிங்கிட் வீடு என்றால் சாவி வாங்கும் அன்றே 1,750 ரிங்கிட் வேண்டும். அரசாங்க வேலையில் முதல் சம்பளம் தாமதமாக வருவதும் உண்டு. அதனால் இந்தத் தொகைக்கு மேல், இரண்டு மாதச் சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் ஆகும் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.