சின்ன வீட்டில் வாஸ்து பார்க்கும்போது நாம் செய்கிற தவறுகள்

வடசென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் வாடகை வீடுகள் எப்படி இருக்கும் என்று தெரியும். பத்துக்குப் பத்தில் ஒரு அறை, அதை ஒட்டி ஒரு சமையலறை, கதவைத் திறந்தால் மாடிப்படி. இதற்குள் ஈசானிய (வடகிழக்கு) மூலையில் சாமி, அக்னி (தென்கிழக்கு) மூலையில் அடுப்பு, கன்னி (தென்மேற்கு) மூலையில் பீரோ என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்யக் கிளம்புவதுதான் முதல் தவறு.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம் அப்படித்தான் செய்தது. அடுப்பு வடமேற்கில், அதாவது வாயு மூலையில் இருக்கிறது, அதனால்தான் வீட்டில் காசு தங்கவில்லை என்று யாரோ சொல்ல, ஜன்னலே இல்லாத தென்கிழக்கு மூலைக்கு அடுப்பை நகர்த்தினார்கள். சிலிண்டர் பழைய இடத்திலேயே, நடுவில் நடக்கிற வழியில் நீளமாக ஒரு டியூப். ஒரே மாதத்தில் சுவரெல்லாம் கரி, சமைக்கிற அம்மாவுக்கு விடாத இருமல். இத்தனைக்கும் அக்னி மூலை அமையாவிட்டால் வாயு மூலையில் அடுப்பு வைக்கலாம், சமைப்பவர் கிழக்கு பார்த்து நின்றால் நல்லது என்று வாஸ்து பார்ப்பவர்களே சொல்வார்கள். பாதி கேட்டுவிட்டு ஓடுவதால் வருகிற வினை இது. அறையின் நீள அகலத்துக்குப் பலன் சொல்கிற மனையடி சாஸ்திரமும் அப்படித்தான். எட்டடி, பத்தடி நல்லது, ஒன்பதடி ஆகாது என்பதெல்லாம் சுவருக்கு உட்புற அளவு, அதுவும் கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது. குடியிருக்கிற வீட்டில் டேப் பிடித்து அளந்து மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து பூஜை அலமாரி. தனி அறை இல்லாததால் பிளைவுட் பெட்டி ஒன்றைச் சுவரில் அடித்து, முன்னால் ஒரு துணித் திரையும் போட்டு, உள்ளே காமாட்சி விளக்கை ஏற்றிவிட்டு மார்க்கெட்டுக்குப் போகிறோம். திரைக்கும் சுடருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருக்காது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். விளக்குக்கு மேலே திறந்த இடம் வேண்டும், வெளியே கிளம்பும் முன் பூவால் தொட்டுக் குளிர வைத்துவிட வேண்டும். வாயால் ஊதி அணைக்கும் பழக்கம் நம்மிடம் கிடையாது. இன்னொன்று, ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கடல் காற்றுக்குப் பித்தளை சீக்கிரம் களிம்பு பிடித்துவிடும், வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்தே ஆக வேண்டும். பச்சையாகிப்போன பத்து விளக்கைவிடப் பளிச்சென்று ஒன்று போதும்.

வாசலும் அப்படித்தான். பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் ஒன்றை மாட்டி வருஷக்கணக்கில் தூசி படிய விடுவதற்குப் பதில், நல்ல நாளில் நாலு பச்சை மாவிலை கட்டினால் போதும். ஸ்டிக்கர் கோலம் ஒட்டினால் பெருக்குகிற வேலை மிச்சம்தான், ஆனால் அரிசிமாவுக் கோலத்தில் எறும்புக்குக் கிடைக்கிற சாப்பாடு அதில் இல்லையே. நிலைப்படியில் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு அதன்மேலேயே செருப்பைக் கழற்றிப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

படங்கள் விஷயத்தில் நிறையக் குழப்பம். போர்க்களம், மூழ்கும் கப்பல், அழுகிற குழந்தை மாதிரிப் படங்கள் கூடத்தில் வேண்டாம் என்பது பொதுவான நம்பிக்கை, அது எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் உக்கிர தெய்வம் வீட்டுக்கு ஆகாது என்று குலதெய்வப் படத்தையே கழற்றச் சொல்கிறார்களே, அதைக் கேட்காதீர்கள். திருவொற்றியூரில் ஒரே கோயிலுக்குள் வடிவுடையம்மனும் இருக்கிறாள், வட்டப்பாறை அம்மனும் இருக்கிறாள். உக்கிரமாக இருந்த வட்டப்பாறை அம்மனை ஆதிசங்கரர் சாந்தப்படுத்தினார் என்பது தலவரலாறு. அங்காளம்மனைத் தலைமுறையாகக் கும்பிடுகிற வீட்டில் அவள் படத்தை எடுத்துவிட்டு எந்த அமைதியைக் கொண்டுவரப் போகிறோம்? இறந்துபோன பெரியவர்களின் படத்தை மட்டும் சாமி படங்களோடு கலக்காமல் தனியாக மாட்டுங்கள். முன்னோரைத் தென்புலத்தார் என்று சொல்வதால் பல வீடுகளில் தெற்குச் சுவரில் மாட்டுவது வழக்கம்.

திருஷ்டிப் பூசணியை நடுரோட்டில் உடைத்துவிட்டுப் போவதைப் பற்றி என்ன சொல்ல, பைக்கில் வருகிறவர் வழுக்கி விழுந்தால் அந்தப் பாவம் யாருக்கு? உடைத்த கையோடு துண்டுகளை ஓரமாகத் தள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு வலிக்கிற தவறு ஒன்று உண்டு. வீட்டில் ஏதாவது நடந்தால் மூலை சரியில்லை என்பார்கள், மூலையை மாற்றியும் சரியாகவில்லை என்றால் மருமகள் வந்த நேரம் என்பார்கள். விளக்கு வைத்த நேரத்தில் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்? அந்தப் பெண்ணை அடுப்படியில் அழவிட்டுவிட்டு ஈசானியத்தில் நெய் விளக்கு ஏற்றினால் மகாலட்சுமி எப்படி வருவாள்?

அப்புறம், உடைந்த சாமி படங்கள். கண்ணாடி விரிந்ததும் வீட்டில் வைக்கப் பயந்து அரசமரத்தடியில் சாய்த்துவிட்டு வந்துவிடுகிறோம், அது மழையில் ஊறி, நாய் மிதித்து அங்கேயே கிடக்கிறது. கண்ணாடியைக் கழற்றுங்கள். படம் நன்றாக இருந்தால் வேறு ஃப்ரேம் போடுங்கள், நைந்திருந்தால் காகிதத்தை மட்டும் ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துத் துளசிக்கோ வேறு செடிக்கோ ஊற்றுங்கள். உடைந்த கண்ணாடியைக் கெட்டி அட்டையில் சுற்றி, குப்பை வண்டியில் வருகிற அக்காவிடம் விஷயத்தைச் சொல்லிக் கையில் கொடுங்கள், அவர் கை கிழியாமல் இருக்கும்.