விதைப்புக் காலத்து உறக்கமின்மை தீர்ந்த விதம்

கிளிநொச்சிப் பக்கத்தில் மானாவாரியாகக் காலபோகம் என்னும் மாரிகால நெற்செய்கை செய்யும் எனக்கு, விதைத்தபின் மழை பிந்தினால் நடுச்சாமத்தில் விழிப்பு வந்து, விடியும்வரை கடனும் உரவிலையும் மனத்தில் ஓடும். "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிப் படுத்தும் பலனில்லை. வானொலியின் வானிலை அறிக்கை விழிப்பை நீட்டியது. செபத்தை நீளமாக்கியபோது அதுவே கவலைகளின் பட்டியலாயிற்று.

வழி வேதாகமத்தின் யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் கிடைத்தது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கடவுள் அன்றன்றைக்குத் தந்த உணவான மன்னாவை மறுநாளுக்கென்று வைத்தபோது அது புழுத்து நாறியதைப் பலரும் அறிவர். ஆனால் ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்து ஓய்வுநாளுக்கு வைத்தது கெடவில்லை என்பதைக் கவனிப்போர் குறைவு. முன்னேற்பாடு அவிசுவாசமல்ல, சொல்லப்பட்ட அளவை மீறிப் பதுக்குவதே கெடுகிறது என்று அதை விளங்கிக்கொண்டேன்.

ஆகவே கொப்பியில் இரண்டு நிரல்கள் இட்டு, வரம்பு கட்டுதல், மறுவிதைப்புக்கு விதைநெல் ஒதுக்குதல், கடனுக்குத் தவணை கேட்டல் போன்று என் கைக்குரியவற்றை ஒன்றிலும், மழையையும் சந்தை விலையையும் மற்றதிலும் எழுதினேன். முதலாவதில் நாளைக்குரிய ஒரே வேலையைக் குறித்துவிட்டு, இரண்டாவதை ஒரே வாக்கியத்தில் செபித்துக் கொப்பியை மூடுவேன். இதைப் பொழுதுபடுமுன் செய்ய வேண்டும். இராச்சாப்பாட்டுக்குப் பின் எழுதிய நாட்களில் பலிக்கவில்லை. மழை பிந்தும் கிழமைகளிலும் இப்போது நிம்மதியாக உறங்குகிறேன், பன்றிக் காவலுக்குப் போகும் இரவுகள் தவிர.