ஸ்டெம் செல் சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன் விசாரிக்கும் முறை

முழங்கால் தேய்வு, நீரிழிவு, பக்கவாதம், பிள்ளையின் மூளை வளர்ச்சிக் குறைபாடு என அனைத்தையும் ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணு (பிற அணுக்களாக வளரக்கூடிய மூல அணு) ஊசியால் குணமாக்கலாம் என்னும் விளம்பரங்கள் ஹட்டனிலும் பதுளையிலும் வாழ்வோரின் கைத்தொலைபேசிகளுக்கும் வந்து சேர்கின்றன. ஊழியர் சேமலாப நிதியை எடுத்தோ நகையை அடகு வைத்தோ சென்னைக்குப் புறப்பட எண்ணும் குடும்பம், அதற்கு முன் சிலவற்றைக் கேட்டறிவது அவசியம்.

எந்த நோய்க்கு, எங்கிருந்து எடுக்கப்பட்ட குருத்தணு என்பதே முதற் கேள்வி. எலும்பின் உள்ளிருக்கும் என்பு மச்சையிலுள்ள குருத்தணு குருதியணுக்களை உருவாக்க வல்லது. சிதைந்த மூளைத் திசுவாக அது தானே மாறிவிடாது. எல்லா நோய்க்கும் ஒரே ஊசி என்று கூறுமிடத்தில் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

உறுதியாக நிலைபெற்ற பயன்பாடு லுக்கீமியா (குருதிப் புற்றுநோய்), தலசீமியா (பரம்பரைக் குருதிச்சோகை) போன்ற குருதி நோய்களுக்கான என்பு மச்சை மாற்றுச் சிகிச்சையே. தலசீமியா உள்ள பிள்ளைக்கு உடன்பிறந்தோர் இருந்தால், அவர்களது திசு வகை பொருந்துகிறதா எனப் பரிசோதிக்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சிறு வயதில், அடிக்கடி குருதி ஏற்றுவதால் உடலில் இரும்பு மிகுதியாகச் சேருமுன் மாற்றுச் சிகிச்சை செய்தால் பலன் கூடுதல் என்பதால், இரும்பை வெளியேற்றும் மருந்தை இடைநிறுத்தாதீர்கள். தலசீமியாவுக்காக நோயாளியின் சொந்தக் குருத்தணுவில் மரபணுவைத் திருத்தும் காஸ்ஜெவி என்ற சிகிச்சையை 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதித்தது. ஆனால் அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர்.

நீரிழிவைப் பற்றிய நற்செய்தியையும் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். குருத்தணுவிலிருந்து உருவாக்கிய இன்சுலின் சுரக்கும் அணுக்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டின் பின் இன்சுலின் ஊசியின்றி இருந்தனர் என 2025இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அவர்கள் அனைவரும் உடல் இன்சுலினைச் சுரக்காத கடுமையான முதலாம் வகை நோயாளர்கள். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தையும் உட்கொண்டனர். நம்மிடையே பெருமளவில் காணப்படும் இரண்டாம் வகைக்கு இது பொருந்தாது.

சிகிச்சை தருவோர் இது ஆய்வு என்று சொன்னால் பதிவு எண்ணைக் கேட்டு, இலங்கை அல்லது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். எண் இருப்பது மட்டும் போதாது. அமெரிக்காவில் பதிவேட்டில் இடம்பெற்றிருந்த ஒரு சிகிச்சைக்கு 5,000 டொலர் செலுத்தி, கொழுப்பிலிருந்து எடுத்த அணுக்களைக் கண்களில் ஏற்றிக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையைப் பெரிதும் இழந்த செய்தி 2017இல் வெளிவந்தது. முறையான ஆய்வில் பரிசோதனைச் சிகிச்சைக்குப் பொதுவாகக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. கட்டணம் கேட்பதே தயங்குவதற்குப் போதிய காரணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டலும், அங்கீகரிக்கப்பட்ட குருதி நோய்கள் முதலியவற்றுக்கு அப்பாற்பட்ட பயன்பாட்டை ஆய்வாக மட்டுமே அனுமதிக்கிறது.

இறுதியாக, கிளினிக் கொப்பியையும் சிகிச்சை தருவதாகக் கூறும் நிறுவனம் எழுத்தில் தந்த விவரங்களையும் நுவரெலியா, கண்டி, பதுளை ஆகிய அரச வைத்தியசாலைகளில் உங்களைப் பார்க்கும் விசேட வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். சிங்களம் சரளமாக வராதவர்கள் கேள்விகளை முன்கூட்டியே எழுதி, மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். ஊர் திரும்பியபின் காய்ச்சலோ வீக்கமோ ஏற்பட்டால் பொறுப்பேற்பவர் யார் என்பதை எழுத்தில் பெறும்வரை முற்பணம் எதுவும் அனுப்ப வேண்டாம்.