ஜைலோவுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் பிறந்தால் எனக்குப் பயணத் திட்டங்கள் வர ஆரம்பித்துவிடும். கிர்கிஸ்தான் போகிறோம், மேய்ச்சல்காரர்களோடு தங்கி மலையில் நடக்கப் போகிறோம், ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்பார்கள். வாங்கிப் பார்த்தால் நாங்கள் ஆரம்ப காலத்தில் செய்த அதே கோளாறுகள் அச்சு மாறாமல் இருக்கும். புது ஷூவைப் பழக்காமல் போடாதீர்கள், பருத்திச் சட்டை வேண்டாம் என்பதையெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். அதிகம் பேசப்படாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜைலோ என்பது கோடைக்கால மேய்ச்சல் நிலம். ஜூன் வாக்கில் குடும்பங்கள் ஆடு, மாடு, குதிரைகளை ஓட்டிக்கொண்டு மேலே ஏறி, கம்பளிக் கூடாரம் போட்டுத் தங்கி, செப்டம்பரில் இறங்கிவிடும். அந்தக் கூடாரத்தைத்தான் யூர்ட் என்கிறோம். நரின் மாகாணத்தில் இருக்கும் சோங்-கோல் ஏரிக்கரை இதற்குப் பேர்போன இடம்.

முதல் ராத்திரியே சோங்-கோலில்

எனக்கு வரும் திட்டங்களில் பெரும்பாலானவற்றின் முதல் வரி இப்படித்தான் இருக்கும்: "காலை பிஷ்கெக் வருகை. காரில் சோங்-கோல். இரவு யூர்ட்டில்." ஒரு நாள் மிச்சம் என்று சொல்லி விற்கிறார்கள். எத்தனை தடவை சொன்னாலும் இந்த வரி மட்டும் மறைய மாட்டேன் என்கிறது.

கணக்கைப் பாருங்கள். தலைநகர் பிஷ்கெக் சுமார் 800 மீட்டர் உயரம். சோங்-கோல் 3016 மீட்டர். ஒரே பகலில் 2200 மீட்டர் ஏறி, ஏறிய இடத்திலேயே படுக்கிறீர்கள். ஊட்டியில் நடந்து பழகியிருக்கிறோம் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தொட்டபெட்டா உச்சியே 2637 மீட்டர்தான். இங்கே நீங்கள் தூங்கும் இடமே அதைவிட உயரம். தாழ்வான ஊரிலிருந்து கிளம்பி ஒரே நாளில் 2750 மீட்டருக்கு மேல் போய்த் தூங்க வேண்டாம் என்பதுதான் மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. 3000 மீட்டரைத் தாண்டிவிட்டால் ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர்களும் இதில் விலக்கு இல்லை. உயரத்தில் காற்று மெலிவதை உடம்பு தாங்காமல் வருவதுதான் உயர நோய். உடல் வலுவுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

சரி, மேய்ச்சல்காரர்கள் எப்படிப் போகிறார்கள்? அவர்களுக்குக் குளிர்கால இடம் கிஷ்தோ, வசந்தகால இடம் ஜஸ்தோ, அதற்குப் பிறகுதான் ஜைலோ, இலையுதிர் காலத்துக்குக் குஸ்தோ. பனி விலகிப் புல் தலைகாட்டும் வரிசையில் மந்தை மெல்ல மெல்ல மேலே நகரும். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் கட்டம் கட்டமாக ஏறுகிற இடத்துக்கு, விமானத்திலிருந்து இறங்கிய கையோடு நம்மைக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

இன்னொரு விஷயம், இதை யாருமே யோசிப்பதில்லை. உயர நோய்க்கு நிச்சயமான வைத்தியம் கீழே இறங்குவதுதான். ஆனால் சோங்-கோல் ஒரு கிண்ணத்தின் அடியில் கிடக்கிறது. சுற்றிலும் மலை. பிஷ்கெக் வழியில் இருக்கும் ஊரான கோச்கோர் பக்கமாகத் திரும்ப வேண்டுமென்றால் 3400 மீட்டருக்கு மேலே இருக்கும் கல்மாக்-ஆஷு கணவாயைத் தாண்டியாக வேண்டும். அதாவது இறங்குவதற்கே முதலில் ஏற வேண்டும். நடக்க முடியாமல் கிடக்கும் ஆளை வைத்துக்கொண்டு, நடுராத்திரியில், மண் சாலையில்.

ஒரு ஜூலையில் நாங்கள் தங்கியிருந்த யூர்ட்டுக்கு அடுத்ததில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. மகன் பிஷ்கெக்கில் மருத்துவம் படிக்கிறான், பார்க்க வந்த அப்பா அம்மாவை அவனே அழைத்து வந்திருந்தான். ஏற்பாடு ஒரு பயண முகவருடையது. காலையில்தான் விமானம் இறங்கியிருக்கிறது. சாயங்காலம் அம்மாவுக்குத் தலைவலி. "பயணக் களைப்புதான் தம்பி, படுத்தா சரியாயிடும்" என்றார். தேநீரைக் கூடத் தொடவில்லை. நள்ளிரவில் வாந்தி. வீட்டுக்கார அம்மாள் எழுந்து வந்து அடுப்பை மூட்டி, முதுகைத் தடவிக்கொண்டே விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காலையில் அந்தத் தாயை நிற்க வைத்து, குதிகாலை முன்விரலோடு ஒட்டி ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொன்னோம். மூன்றாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்து மகன் தோளைப் பிடித்துவிட்டார். அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. தள்ளாட்டம் வந்துவிட்டால் அது மூளையில் நீர் கோக்கும் அறிகுறியாக இருக்கலாம், உடனே இறக்கியாக வேண்டும். வந்த வண்டியோ முந்தின நாளே திரும்பிப் போய்விட்டது. கூடாரத்தடியில் தொலைபேசி எடுக்கவில்லை. வீட்டுப் பையன் குதிரையேறி மேட்டுக்குப் போய்ப் பேசி, வண்டி வந்து சேர மதியமாகிவிட்டது. கணவாயில் அவர் மறுபடி வாந்தியெடுத்ததாக மகன் பிறகு சொன்னான். 1800 மீட்டரில் இருக்கும் கோச்கோருக்கு வந்ததும் தெளிந்துவிட்டார். நடைப்பயணத்துக்குக் கட்டிய பணம் முழுக்கப் போயிற்று, அதை விடுங்கள். அந்த மகன் முகம்தான் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நான் இங்கேயே இருக்கிறேன், எனக்குத் தெரியாமல் போச்சே அண்ணா என்றான். பிஷ்கெக்கில் எத்தனை வருஷம் இருந்தாலும் அது 800 மீட்டர்தான், அவன்மேல் குற்றமே இல்லை. ஒரு நாளை மிச்சம் பிடித்துக் கொடுத்தவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். அதே திட்டம், பெயர் மட்டும் மாறி, இந்த வருஷமும் எனக்கு வந்திருக்கிறது.

எப்படிப் போக வேண்டும்? முதல் ராத்திரி பிஷ்கெக். இரண்டாவது கோச்கோர். மறுநாள் கிஸார்ட் கிராமம் வரை வண்டியில் போய், அங்கிருந்து நடந்தோ குதிரையிலோ கிலெம்ச்சே ஜைலோவில் தங்குங்கள். அது ஏரியைவிடத் தாழ்வு, கூட்டமும் குறைவு. முடிந்தால் அங்கேயே இன்னொரு ராத்திரி. அப்புறம் வழியில் ஒரு கணவாயைத் தாண்டினால் ஏரி கீழே விரிந்து தெரியும். உடம்பும் பழகியிருக்கும். உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரை உதவும்தான், ஆனால் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மாத்திரை இருக்கிறதே என்று மேலே சொன்ன முதல் வரிக்குத் திரும்பிவிடாதீர்கள். தலைவலியோடு தூக்க மாத்திரையும் வோட்காவும் வேண்டவே வேண்டாம்.

எட்டு மணிக்குக் கிளம்பியே ஆக வேண்டும் என்பது

குதிரைகள் ராத்திரி முழுக்க மேய்ந்துவிட்டு எங்கோ நிற்கும். காலையில் யாராவது போய்த் தேடிப் பிடித்து வர வேண்டும். நடுவில் பால் கறக்க வேண்டும், மந்தையை விட வேண்டும். நம் பயணம் அவர்கள் வேலையில் ஒரு பகுதிதான். வழிகாட்டியை நெருக்கினால் சேணத்தின் வாரை அவசரமாகக் கட்டுவார், ஏற்றத்தில் அது நழுவும். அதற்காகத் தாமதத்தை அப்படியே விடவும் முடியாது, பிற்பகலில் கணவாயில் இடியும் ஆலங்கட்டியும் சாதாரணம். முதல் நாள் ராத்திரியே உட்கார்ந்து பேசி, எந்தக் குதிரையைப் பக்கத்தில் கட்டிவைப்பது என்று முடிவு செய்யுங்கள். மொத்தத் திட்டத்தில் ஒரு நாளைக் காலியாக வையுங்கள்.

செப்டம்பர் கடைசியில் டிக்கெட்

மலிவாகக் கிடைக்கும். மேலே யாரும் இருக்க மாட்டார்கள்.

அடுப்பைத் தொடர்ந்து எரிப்பது

சோங்-கோலைச் சுற்றி மரமே கிடையாது. அடுப்பில் எரிவது காய்ந்த சாணம், தெசெக் என்பார்கள். வெட்டி, காயவைத்து, மழை படாமல் அடுக்கி வைத்திருப்பார்கள். அது சட்டென்று சூடேறி, சட்டென்று தணிந்துவிடும். நடுச்சாமத்தில் குளிர் ஏறியதும் நம் ஆட்கள் எழுந்து ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அது அந்த வீட்டின் சமையலுக்கான எரிபொருள். ஜூலையிலும் வெளியே உறைகிற குளிர் உண்டு, பனி கூட விழும். கனமான மெத்தையும் போர்வையும் கொடுப்பார்கள். உடம்போடு ஒட்டிய கம்பளி உள்ளாடை ஒன்றைத் தூங்குவதற்கென்றே ஈரம் படாமல் பத்திரப்படுத்துங்கள், போதும்.

குமிஸை முதல் நாளே கிண்ணம் கிண்ணமாக

புளிக்கவைத்த குதிரைப் பால். கறப்பதை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பாருங்கள். பகலில் குட்டிகளைத் தரையோடு இழுத்துக் கட்டிய கயிற்றில் வரிசையாகக் கட்டியிருப்பார்கள். முதலில் குட்டியை அவிழ்த்து வாய் வைக்க விடுவார்கள். பால் இறங்கியதும் அதை இழுத்துத் தாயின் கழுத்தருகே நிறுத்திவிட்டு, ஒரு பெண் ஒற்றை முழங்காலில் உட்கார்ந்து, வாளியைத் தொடைமேல் வைத்து, குதிரையின் பின்னங்காலைச் சுற்றி ஒரு கையை விட்டுக் கறப்பார். கிடைப்பது கொஞ்சம்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாக்கில் இதே வேலை. ராத்திரி குட்டிகள் தாயோடு போய்விடும்.

இத்தனை பாடுபட்டதை நீட்டும்போது முகம் சுளித்துத் தள்ளிவிடாதீர்கள். அதற்காக முழுக் கிண்ணத்தையும் குடிக்கவும் வேண்டாம், பழகாத வயிறு ராத்திரியே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு வாய் குடித்துவிட்டு, நெஞ்சில் கைவைத்து "ரஹ்மத்" என்று நன்றி சொல்லிக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். லேசாகச் சாராயச் சத்து உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்காரப் பெண்மணியை "எஜே" என்றும் மூத்த ஆணை "பாய்கே" என்றும் கூப்பிடுங்கள். நம் அக்கா, அண்ணன் போலத்தான்.

முதுகுப் பையோடு குதிரையேறுவது

இறக்கத்தில் பை உங்களை முன்னால் தள்ளும். சேணப்பையில் போடுங்கள். கடிவாளக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றாதீர்கள்.

நாய்

யூர்ட்டை நோக்கி நேராக நடக்காதீர்கள். தூரத்திலேயே நின்று குரல் கொடுங்கள், யாராவது வெளியே வந்து நாயை அடக்கிய பிறகு போங்கள். ஓடாதீர்கள்.

சைவம் என்று அங்கே போய்ச் சொல்வது

காய்கறி அந்த உயரத்தில் விளையாது, கீழேயிருந்து வண்டியில் வர வேண்டும். போய் இறங்கிய பிறகு "இறைச்சி வேண்டாம்" என்றால், வெந்த சூப்பிலிருந்து துண்டுகளை எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, அவர்களுக்கு அதுதான் இறைச்சி இல்லாத சாப்பாடு. முன்பதிவின்போதே, ஆட்டுச்சாறும் கொழுப்பும் சேர்க்க வேண்டாம் என்று பிரித்துச் சொல்லுங்கள். ரஷ்ய மொழியிலோ கிர்கிஸ் மொழியிலோ எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. ரொட்டி, கய்மாக் என்கிற கெட்டிப் பாலாடை, வெண்ணெய், ஜாம் எப்போதும் இருக்கும். போர்சோக் என்கிற பொரித்த மாவுத் துண்டுகளை மட்டும் எந்தக் கொழுப்பில் பொரித்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பருப்புப்பொடி ஒரு பொட்டலம் கையில் இருந்தால் சோற்றுக்கு ஆச்சு. ஒன்றைக் கவனியுங்கள், ரொட்டியைக் கவிழ்த்து வைக்கவோ தரையில் போடவோ கூடாது.

காசு

கோச்கோரிலேயே உள்ளூர்ப் பணமான சோமை நோட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஏ.டி.எம். கிடையாது.

கெல்-சூவைக் கடைசி நிமிஷத்தில் சேர்ப்பது

படத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் கேட்கிறார்கள். அது சீன எல்லையை ஒட்டிய மலை ஏரி, எல்லை அனுமதிச் சீட்டு வேண்டும். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், பயணத் தேதி முடிவானதுமே விண்ணப்பியுங்கள். சீட்டு இல்லாவிட்டால் சோதனைச் சாவடியிலிருந்து வண்டியைத் திருப்ப வேண்டியதுதான்.