வாரத்துக்கு இரண்டு நைட் என்பது கணக்கல்ல

போன வாரம் எங்கள் கேர் ஹோமுக்குப் புதிதாக ஒரு தங்கை வந்தாள். ஊரில் பிஎஸ்சி நர்சிங் முடித்து, எம்எஸ்சி படிக்க மாணவர் விசாவில் பிரிட்டன் வந்தவள். டியூட்டி அட்டவணையை நீட்டி, "செவ்வாய், வியாழன், இரண்டே நைட்தான் அக்கா" என்றாள். நானும் ஒரு காலத்தில் இதே நிம்மதியில் இருந்தவள்தான். பாஸ்போர்ட்டைத் தொலைக்காதே என்பது போன்ற அறிவுரைகளை வேறு யாராவது சொல்லட்டும்; மாணவர் விசாவில் வேலை பார்ப்பவர்கள் விழும் குழிகளை மட்டும் நான் சொல்கிறேன்.

வாரம் எங்கே தொடங்குகிறது?

மாணவர் விசாவில் இருப்பவர், பட்டப்படிப்பு, அதற்கு மேற்பட்ட படிப்பு என்றால் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதற்குக் கீழ் 10. இங்கே ஒரு நைட் 12 மணி நேரம்; இரண்டு நைட் 24. சம்பளமில்லாத இடைவேளையைக் கழித்தாலும் 20க்குள் அடங்காது. "சராசரிதான் பார்ப்பார்கள்" என்று சொல்லிக்கொடுக்கும் சீனியர்களைக் கண்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. சராசரி என்ற பேச்சே விதியில் இல்லை. ஒவ்வொரு வாரமும் தனி. திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும்.

நான் விழுந்தது இன்னும் நுணுக்கமான குழி. ஞாயிறு இரவு எட்டு மணிக்கு ஏறி, திங்கள் காலை எட்டுக்கு இறங்குவேன். ஊதியச் சீட்டில் அது முழுக்க ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. ஆகவே போன வாரத்தோடு தீர்ந்தது என்று நினைத்து, புதனில் ஒரு நைட்டும் சனிக்கிழமை ஆறு மணி நேர டியூட்டியும் எடுத்தேன். உண்மையில் நள்ளிரவுக்குப் பிந்தைய எட்டு மணி நேரம் புது வாரத்துக்கு உரியது. 8, 12, 6: மொத்தம் 26. விட்டு விட்டு மூன்று வாரம் இப்படி ஆயிற்று.

பின்னால் நர்ஸ் வேலை தந்து அதற்கான விசாவுக்கு ஸ்பான்சர் செய்ய முன்வந்த இடத்தில் பழைய அட்டவணைகளைக் கேட்டார்கள். அங்கிருந்த பெண்மணி பென்சிலால் அந்த மூன்று வாரங்களையும் வட்டமிட்டார், ஒன்றும் பேசவில்லை. கிடைக்கவிருந்த அந்த வேலை போயிற்று. அடுத்தது கிடைக்க எட்டு மாதமாயிற்று. அவர்களையும் குறைசொல்ல முடியாது: விதியை மீறி ஆள் வைத்தால் முதல் தடவையே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம். மாணவருக்கோ விசாவே ரத்தாகலாம்.

ஞாயிறு நைட் பார்த்தால் அந்தப் புது வாரத்தில் மிச்சம் ஒரே ஒரு நைட். சம்பளமில்லாத பயிற்சி ஷிப்டும் கணக்கில் சேரும்.

இரண்டு இடத்தில் வேலை

20 என்பது ஆளுக்கு; இடத்துக்கு அல்ல.

கோடை விடுமுறை

பிஎஸ்சி மாணவர்களுக்கு உண்டு; அப்போது முழுநேரம் வேலை பார்க்கலாம். எம்எஸ்சிக்காரர்களுக்கு ஆய்வேடு எழுதும் கோடை மாதங்களும் பொதுவாகப் படிப்புக் காலமே. பக்கத்து அறைப் பையன் ஜூலையில் முழுநேரம் போகிறான் என்பது சான்றாகாது. படிப்புக் காலத் தேதிகளைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சுயதொழில் ஒப்பந்தம்

ஏஜென்சி நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பாதியில் வேலை விசாவுக்குத் தாவுவது

2023 ஜூலை 17 முதல் அந்த வழி அடைபட்டுவிட்டது. படிப்பை முடித்தாக வேண்டும்.

எம்எஸ்சி முடித்தால் நர்ஸ் பதிவு வந்துவிடும் என்று நம்புவது

வராது. அதற்குக் கணினித் தேர்வும் ஆஸ்கி செய்முறைத் தேர்வும் தனி. முதலாவதை ஊரிலேயே எழுதிவிட்டு வரலாம். தங்கை எழுதவில்லை. அவளுடைய வியாழன் நைட்டை மட்டும் அட்டவணையிலிருந்து அன்றே அடித்துவிட்டோம்.